வெயிலும் பேரும்: பேராதனையின் தமிழ் மருத்துவப் பிள்ளைகளுக்கு



யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, அக்குறணை, அட்டன் என்று பல ஊர்களிலிருந்து வந்து பேராதனை மருத்துவ பீடத்தில் படிக்கிறவர்களுக்கும், படிப்பை முடித்துக்கொண்டு கண்டி தேசிய ஆஸ்பத்திரியிலும் பேராதனைப் போதனா ஆஸ்பத்திரியிலும் வேலை பழகுகிறவர்களுக்கும் இந்த மடல். உங்கள் பேராசிரியர்மாருக்கு எழுதவில்லை. அவர்களுக்கு எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், ஆங்கிலத்தில் எழுதுவார்கள். வாட்டில் ஒரு தோட்டத்து அம்மா சொல்வது விளங்காதபோது, பெரிய டொக்டர் திரும்பிப் பார்த்துத் தமிழ் தெரிந்த பிள்ளை யார் என்று கேட்பார். அப்போது முன்னே வருகிற ஆள் நீங்கள். அந்த ஆளிடம்தான் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

நான் மருத்துவன் அல்ல. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துப் பழைய மாணவிகள் கண்டிக்குக் கிளினிக் வரும்போது துணைக்குப் போய், கொப்பியில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்லிச் சொல்லி, லூபஸ் என்ற வருத்தம் எனக்கும் பரிச்சயமாகிவிட்டது. கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். இந்த வருத்தத்தைப் பற்றி உலகம் நிறையவே கண்டுபிடித்திருக்கிறது. ஆனால் நம்முடைய கிளினிக் வாங்கில் காலை ஐந்தரை மணிக்கே வந்து குந்தியிருக்கிற பெண்ணிடம் அது அதிகம் விசாரிக்கவில்லை. விசாரிக்கக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

உங்களுக்கு நோயை விளக்கத் தேவையில்லை. பக்கத்தில் இருந்து எட்டி வாசிப்பவர்களுக்காக இரண்டு வரி. நோயைத் தடுக்க வேண்டிய உடலின் ஆற்றல் உடலையே தாக்குவது லூபஸ். மூட்டு, தோல், இரத்தம், சிறுநீரகம், மூளை, எதையும் விட்டுவைக்காது. பத்துப் பேருக்கு வந்தால் அதில் ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மல்கம் ஹார்கிரேவ்ஸ் குழுவினர் எலும்பு மச்சையில் எல்.ஈ. செல்லைக் கண்டபிறகுதான், தோலில் புள்ளி போடுகிற இந்த நோய் உள்ளே என்ன செய்கிறது என்று ஆய்வுகூடத்தில் பிடிக்க முடிந்தது. 1955இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் கணக்கெடுத்தபோது, நோய் கண்டு நான்கு ஆண்டில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்திருந்தார்கள். இன்று நல்ல வைத்தியம் கிடைக்கிற நாடுகளில் ஐந்து ஆண்டு தாண்டுபவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். இந்த மாற்றம் தானாக வரவில்லை. நோயாளிகள் பலர் ஆய்வுகளுக்குச் சம்மதித்துக் கையைக் கொடுத்து இரத்தம் எடுக்க விட்டதால் வந்தது.

அந்த மாற்றத்தில் கண்டிக்கும் ஒரு பங்கு உண்டு. இதை உங்கள் விரிவுரையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தென்னமெரிக்காவின் சின்கோனா மரத்துப் பட்டையிலிருந்து கொயினா எடுக்கிறார்கள் என்பது பள்ளிக்கூடப் பாடம். பெரு நாட்டுப் பக்கத்திலிருந்து அந்த மரத்தின் விதையும் கன்றும் வெளியே கொண்டுவரப்பட்டு, 1861இல் நுவரெலியாவுக்கு அப்பால் ஹக்கலையில் அதற்கென்றே ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த துவைற்ஸ்தான் அதையும் பார்த்துக்கொண்டார். ஆரம்பத்தில் துரைமார் யாரும் கன்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பி கொழித்த காலம் அது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்ததும் கதை மாறியது. ஆளுக்காள் சின்கோனா நட்டார்கள். தெல்தோட்டைக்கு மேலே லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரை எல்லாருக்கும் தெரியும். அவர் சின்கோனாவிலும் கைதேர்ந்தவர். 1880களில் இலங்கைப் பட்டை லண்டன் சந்தையை நிரப்பி, விலையே விழுந்து போனது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்த நம் ஆட்கள்தான் அந்தப் பட்டையை உரித்தார்கள், காயவைத்தார்கள், சாக்கில் கட்டினார்கள்.

1894இல் லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியின் ஜோசப் பெய்ன் என்ற டொக்டர், காய்ச்சலுக்குக் கொடுக்கிற அதே கொயினாவை முகத்தில் லூபஸ் படர்ந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தேன், குணம் தெரிகிறது என்று சொன்னார். பிறகு அரை நூற்றாண்டு அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது. பர்மாக் காட்டில் மலேரியாவுக்குப் பயந்து படையினருக்குக் கொயினாவுக்குப் பதிலாக மெப்பக்ரின் குளிசையைக் கட்டாயமாக விழுங்கக் கொடுத்தார்கள். அந்தப் போரை நடத்திய தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் 1944 ஏப்ரலிலிருந்து இருந்தது எங்கே? நீங்கள் காதலர்களோடு நடக்கிற பேராதனைப் பூங்காவில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையில். மலேரியாவுக்காகக் குளிசை விழுங்கிய படையினரில் சிலருக்குத் தோல் தடிப்பும் மூட்டுவலியும் சேர்ந்தே குறைந்தன என்ற பேச்சு எழுந்தது. 1951இல் பிரான்சிஸ் பேஜ் என்பவர் மெப்பக்ரின் லூபஸுக்கு உதவுகிறது என்று லான்செட் இதழில் எழுதினார். அந்த மருந்துக் குடும்பத்தில் பிறகு வந்ததுதான் ஹைட்ரொக்சிக்குளோரோகுயின். அதைப் பட்டையிலிருந்து எடுப்பதில்லை, ஆய்வுகூடத்தில் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1955இல் அனுமதி கிடைத்தது. இன்றும் உலகத்தில் லூபஸ் உள்ளவர்கள் யாராயிருந்தாலும், தகாத காரணம் இல்லாவிட்டால், எடுக்க வேண்டிய முதல் குளிசை அதுதான்.

இவ்வளவு பழைய மருந்தையும் சரியாகச் சோதித்துப் பார்க்க 1991 வரை பொறுக்க வேண்டியிருந்தது. கனடாவில் நோய் அடங்கியிருந்த 47 பேரை எடுத்தார்கள். 25 பேருக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், 22 பேருக்கு அதே மாதிரி வெறும் குளிசை. ஆறு மாதம் கூட ஆகவில்லை. வெறும் குளிசை எடுத்தவர்களில் 16 பேருக்கு நோய் மறுபடி கிளம்பியது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் 9 பேருக்கு. 47 பேர்தான். கண்டியில் ஒரு கிளினிக் நாளில் வாங்குகளை எண்ணிப் பாருங்கள், ஆய்வுக்கு ஆள் போதாது என்று சொல்ல முடியுமா என்று தெரியும்.

அந்தக் குளிசையிலேயே உங்களுக்கு முதலாவது கேள்வி காத்திருக்கிறது. ஒரு குளிசை 200 மில்லிகிராம். இரண்டு போடச் சொல்லி எழுதுவது வெகுகாலப் பழக்கம். ஆனால் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போனால், ஆண்டுக் கணக்கில் விழித்திரை கெடும் ஆபத்து ஏறுகிறது என்று 2014இல் கலிபோர்னியாவில் காட்டினார்கள். 2016இல் அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கம் அதையே விதியாக்கியது. எண்பது கிலோ உள்ள ஒரு கலிபோர்னியப் பெண்ணுக்கு இரண்டு குளிசை சரி. நம் மலையில் கொழுந்தெடுக்கிற பெண் நாற்பது கிலோ இருந்தால் அதிகம். அவளுக்கு இரண்டு குளிசை என்றால் கிலோவுக்கு பத்து, விதியில் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு. ஆசிய வம்சாவளியினரின் விழித்திரை வழக்கமான இடத்தில் கெடாமல் சற்று விலகிய வட்டத்தில் கெடுவது உண்டு, அதனால் வழக்கமான கண் சோதனையில் தப்பிவிடலாம் என்பதையும் 2015இல் அதே ஆய்வாளர்கள் எழுதினார்கள். கிளினிக்கில் எடை போடுகிறார்களா, போட்ட எடைக்கு ஏற்ப அளவு எழுதுகிறார்களா, குளிசை தொடங்கி ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் கண் கிளினிக்குக்குப் போனார்களா? இதைப் பார்க்கப் பெரிய பணம் வேண்டாம். கொப்பிகளும் ஒரு தராசும் உங்கள் பொறுமையும் போதும். மருந்துக் கம்பனி எதுவும் இந்த ஆய்வுக்குப் பணம் தராது என்பது வேறு விஷயம்.

இனி, ஆய்வுகளில் சேர்க்கப்படுகிற ஆட்களைப் பற்றி. லூபஸ் சிறுநீரகத்தைப் பிடித்தால் சைக்ளோபொஸ்பமைட் கொடுக்கிறார்கள். அதைக் கூடுதலாகக் கொடுத்தால் சூலகத்து முட்டைகள் அழிந்து, இருபத்தைந்து வயதிலேயே மாதவிடாய் நின்றுபோகும். ஆகவே 2002இல் ஐரோப்பாவில் 90 பேரை வைத்து, 500 மில்லிகிராமாக ஆறு தடவை மட்டும் கொடுத்தால் போதுமா என்று பார்த்தார்கள். போதும் என்று வந்தது. உலகம் முழுக்க அந்த முறை பரவியது. ஆனால் அந்த 90 பேரில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். நம்மவர்களைப்போல் நோய் கடுமையாக வருகிறவர்களுக்கும் அது போதுமா என்ற கேள்வி கிடந்தது. 2016இல் சண்டிகரில் 100 இந்திய நோயாளிகளை வைத்து, அந்தக் குறைந்த அளவு ஊசியையும் மைக்கோபெனொலேட் குளிசையையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு வேலை செய்தன. ஊசி மலிவு, குளிசை விலை. ஒரு ஏழை நாட்டுக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு எது? வெளிநாட்டிலிருந்து யாரும் வந்து அதைச் செய்து தரவில்லை.

வெளிநாட்டுப் பெரிய ஆய்வுகளைக் குறைத்துப் பேசவில்லை. பெலிமுமாப் 2011இல் வந்தபோது ஐம்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பிறகு லூபஸுக்கென்று அனுமதி பெற்ற முதல் புது மருந்து என்று கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதன் முதல் சோதனைகளில் சிறுநீரகம் கடுமையாகப் பாதித்தவர்களையும் மூளையைப் பிடித்தவர்களையும் சேர்க்கவில்லை. நம் வாட்டில் கட்டிலில் கிடப்பவர்கள் அவர்கள்தானே. ஜெர்மனியின் எர்லாங்கனில் நோயாளியின் சொந்த வெள்ளணுக்களையே எடுத்து மாற்றியமைத்துத் திருப்பி ஏற்றி, 2021இல் ஓர் இளம்பெண்ணின் லூபஸை அடக்கிக் காட்டினார்கள். கேட்க மெய்சிலிர்க்கிறது. அது கண்டிக்கு வரும் நாளில் இன்றைய நோயாளிகளில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை நாம் இன்று கொடுக்கிற மலிவான குளிசை தீர்மானிக்கும்.

கண்டி இந்த ஆய்வு உலகத்துக்கு வெளியே நிற்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். மெல்பர்ன் மொனாஷ் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆசிய பசிபிக் லூபஸ் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. நோய் முற்றாக அடங்காவிட்டாலும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டிரொய்ட்டை நாளுக்கு 7.5 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொண்டு, ஒரு தாழ்ந்த மட்டத்தில் நோயைப் பிடித்து வைத்தாலே உறுப்புகள் கெடுவது குறையும் என்று 1,707 ஆசிய, அவுஸ்திரேலிய நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2019இல் அவர்கள் காட்டினார்கள். அந்தக் கூட்டமைப்பின் பிந்திய கட்டுரைகளில் கண்டி ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவும் பங்காளி. பேராதனை நோயியல் துறையினர் சிறுநீரகத் திசுக்களைக் கண்ணாடிக்கடியில் வைத்து வாசித்த அனுபவமும் சின்னதல்ல. வேண்டிய அறிவு கண்டியில் இருக்கிறது.

பின் என்ன இல்லை? நோயாளிகளின் சரியான கணக்கு இல்லை.

1990களில் இங்கிலாந்தின் லெஸ்டரிலும் பர்மிங்ஹாமிலும் எண்ணிப் பார்த்தபோது, தெற்காசிய வம்சாவளிப் பெண்களிடம் லூபஸ் வெள்ளைப் பெண்களைவிடக் கூடுதலாக இருந்தது. அதே காலத்தில் டெல்லிக்குப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தேடியவர்களுக்கு இலட்சத்துக்கு ஏறத்தாழ மூன்று பேர்தான் கிடைத்தார்கள். ஒரே வம்சம், கடல் தாண்டினால் கூடுகிறது, ஊரில் குறைகிறது. இங்கிலாந்துச் சூழல் ஏதோ செய்கிறதா? அல்லது கிராமத்தில் நோய் வந்தவள் பெயர் தெரியாமலே செத்துப்போய் கணக்கில் விழவில்லையா? இரண்டும் கலந்திருக்கலாம். லயத்து வாழ்க்கையைப் பார்த்தவன் என்ற வகையில் எனக்கு இரண்டாவது காரணத்தின் மேல் சந்தேகம் கூட. மூட்டுவலியும் காய்ச்சலுமாக மூன்று மாதம் தோட்டத்து மருந்துச்சாலையில் பனடோல் வாங்கி, மந்திரித்தும் பார்த்து, கால் வீங்கிய பிறகு நாவலப்பிட்டிக்கும் கம்பளைக்கும் போய், கடைசியில் கண்டிக்கு வரும்போது சிறுநீரகம் பாதி போய்விடுகிறது. வராமலே போனவள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இப்போது என் உண்மையான விஷயத்துக்கு வருகிறேன்.

லூபஸ் எவ்வளவு உக்கிரமாக இருக்கிறது என்று அளக்க ஸ்லெடாய் என்ற புள்ளிக் கணக்கைப் போடுகிறீர்கள். டொரொன்டோவில் செய்தது, 24 அம்சங்கள், கூட்டினால் அதிகபட்சம் 105. வலிப்பு வந்தால் எட்டு, மூட்டு வீங்கினால் நாலு, முகத்தில் புதிதாகத் தடித்தால் இரண்டு, காய்ச்சலுக்கு ஒன்று. களைப்புக்கு எத்தனை? ஒன்றுமில்லை. அதைச் செய்தவர்களைக் குறைசொல்ல முடியாது, களைப்பு எந்த நோயாலும் வரும், நோயே இல்லாமலும் வரும், அளப்பது கஷ்டம். ஆனால் கிளினிக் வாங்கில் நான் பக்கத்தில் இருந்து கேட்டவரை, பெண்கள் முதலில் சொல்வது களைப்பைத்தான். புள்ளி சுழி, நோய் அடங்கிவிட்டது, அடுத்த கிளினிக் மூன்று மாதம் கழித்து என்று கொப்பியில் எழுதப்படுகிறது. அவளால் மலை ஏற முடியவில்லை.

தோட்டத்தில் வளராத பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்துக்குப் போய் நின்று, மலைக்கு ஏறி, சொன்ன கிலோ கொழுந்து எடுத்து நிறுவையில் காட்டினால்தான் அன்றைக்கு முழுப்பேர். பதினெட்டு, இருபது என்று தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு வேறு. குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் அரைச் சம்பளம். லூபஸ் உள்ளவளுக்கு நீங்கள் கொடுக்கிற முதல் புத்திமதி வெயிலில் போகாதே என்பது, மருத்துவப்படி அது நூற்றுக்கு நூறு சரி. சூரிய ஒளி தோலில் பட்டு நோயைக் கிளப்புகிறது என்பது நிரூபணமானது. ஆனால் தேயிலை மலையில் நிழல் எங்கே? வெயிலுக்குப் போகாவிட்டால் யார் பேர் போடுவார்கள் என்று வீட்டுக்கு வந்து என்னைக் கேட்கிறாள். டொக்டரைக் கேட்க அவளுக்கு வாய் வராது. சன்ஸ்கிரீன் ஒரு டியூப்பின் விலையை நான் சொல்லத் தேவையில்லை. சாக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் பின்னேரக் கொழுந்து மட்டும் எடுக்கிற ஏற்பாடும் எவ்வளவு உதவும்? தொழிற்சாலைக்குள் இலை பொறுக்கும் வேலைக்கு மாற்றினால் நோய் கிளம்புவது குறையுமா? உலகத்தில் யாரும் இதை ஆராயப் போவதில்லை, ஏனென்றால் லண்டனிலோ டொரொன்டோவிலோ லூபஸ் கிளினிக்குக்கு வருகிறவள் கொழுந்து எடுப்பதில்லை.

அளவுகோலும் அவளிடமே இருக்கிறது. மாதாமாதம் கையில் வரும் சம்பளத் துண்டில் எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர், எத்தனை கிலோ என்று எழுதியிருக்கும். மருந்து மாற்றியதற்கு முந்திய ஆறு மாதத்தையும் பிந்திய ஆறு மாதத்தையும் வைத்துப் பாருங்கள். களைப்பை எப்படி அளப்பது என்று உலகம் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது, நம் தோட்டத்தில் அதைக் கிலோவில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நிபந்தனை. துண்டை அவளிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். தோட்டக் காரியாலயத்துக்குப் போய், பேர் பதிகிற செக்ரோல் புத்தகத்தைக் கேட்டுவிடாதீர்கள். வருத்தக்காரி என்று துரைக்குத் தெரிந்தால் அவளுக்கு வேலையில் என்ன நடக்கும் என்பது உங்கள் நெறிமுறைக் குழுவின் படிவத்தில் இருக்காது.

அடுத்து, காய்ச்சல். இதில் பேராதனைக்குப் பெருமைப்படும்படியான ஒரு முன்னுதாரணம் உண்டு. மத்திய மாகாணத்து மலைகளில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தோலில் சிவந்த புள்ளிகளுமாக வந்தவர்களைப் பேராசிரியர் செனநாயக்க குலரத்னவும் அவருடன் இருந்தவர்களும் ஆராய்ந்து, பலருக்கு இருந்தது உண்ணி கடித்துத் தொற்றுகிற ரிக்கெற்சியா என்று 2003இல் எழுதினார்கள். யோசித்துப் பாருங்கள், காய்ச்சல், மூட்டு, புள்ளி. லூபஸுக்கும் இதே மூன்றுதான். ஒன்றுக்கு ஸ்டிரொய்ட் கொடுத்து நோயெதிர்ப்பைக் குறைக்க வேண்டும். மற்றதற்கு டொக்சிசைக்ளின் கொடுத்தால் சில நாளில் காய்ச்சல் விடும், மாறிக் கொடுத்தால் ஆபத்து. டெங்கும் அப்படித்தான். 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. வெள்ளணு குறையும், குருதிச் சிறுதட்டுகள் குறையும், லூபஸ் கிளம்பினாலும் அதே இரண்டும் குறையும். இரவு பன்னிரண்டு மணிக்கு வாட்டுக்கு வருகிற லூபஸ் நோயாளிக்கு டெங்கா, நோய் கிளம்பியதா என்று எதைப் பார்த்துச் சட்டென்று பிரிப்பது? சிக்குன்குன்யா வந்துபோன பிறகு மாதக்கணக்கில் நிற்கிற மூட்டுவாதம் எது, நிரந்தரமாக வந்த மூட்டுவாதம் எது? இதையெல்லாம் பொஸ்டனில் இருந்து யாரும் எழுதி அனுப்ப மாட்டார்கள். நுளம்பும் உண்ணியும் லூபஸும் ஒரே வாட்டில் இருக்கிற இடம் நம்முடையது.

ஆய்வுக்குத் தோட்டத்து ஆட்கள் வருவதில்லை, கையெழுத்துப் போடப் பயப்படுகிறார்கள் என்று உங்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பயப்படுகிறார்கள்தான். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களின் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்து ஒப்பந்தம் போட்டார்கள். யாரோ கொண்டுவந்த கடதாசியில் பெருவிரலை வைத்துக் குடும்பம் பிரிந்த கதை ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளிடம், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் நாலு பக்கக் கடதாசியை நீட்டிக் கீழே ஒரு கையெழுத்து என்றால் அவள் என்ன நினைப்பாள்? சமீபத்திய காரணங்களும் உண்டு. 2022 மார்ச்சில் மருந்தில்லாமல் பேராதனை ஆஸ்பத்திரியிலேயே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்தது. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து நாட்டின் ஆஸ்பத்திரிகளுக்குள் வந்துவிட்டது என்ற செய்தி வெடித்து நீதிமன்றம் வரை போனது. அது தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் ஏற்றுகிற மருந்து. சனங்கள் பேப்பர் வாசிக்காவிட்டாலும் டிவி பார்க்கிறார்கள்.

ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், என் பழைய மாணவி ஒருத்தியிடம் சம்மதப் படிவம் வாங்கியபோது நான் வெளியே நின்றேன். தமிழ்ப் படிவம் இருந்தது, வாசிக்க அவளுக்குத் தெரியும். ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டு வந்தாள். என்ன ஆய்வு என்று கேட்டேன், இரத்தம் எடுத்தார்கள், நல்லவர்கள் என்றாள். விலகிக்கொள்ளலாம் என்று சொன்னார்களா? விலகினால் கிளினிக்கில் நம்பர் கொடுக்க மாட்டார்களே என்றாள். அந்தப் படிவத்தில் விலகினாலும் சிகிச்சை தொடரும் என்று தெளிவாக அச்சடித்திருந்தது. அச்சடித்ததை அவள் வாசித்தாள், நம்பவில்லை.

ஆகவே சம்மதம் வாங்கும் வேலையை யாரோ ஒருவர் தலையில் போடாமல் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கடதாசியை முதல் நாள் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், அடுத்த கிளினிக்கில் வாங்குங்கள். வீட்டில் நாலு பேரிடம் காட்டி, தோட்டத்துத் தலைவரிடமும் கேட்டு, பயம் தெளிந்து வருவாள். வராமலும் போகலாம். அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆய்வை முன்கூட்டியே பதிந்து வைக்கிற மருந்துச் சோதனைப் பதிவேடு 2006 முதல் நம் நாட்டில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட பதிவேடு அது. மருந்துச் சோதனை என்றால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் அனுமதியும் வேண்டும். சட்டம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. சட்டத்துக்கும் வாங்கில் இருப்பவளுக்கும் நடுவில் பேச ஆள் இல்லை.

ஆய்வு முடிந்ததும் நீங்கள் மாநாட்டில் வாசிப்பீர்கள், படம் எடுத்துப் போடுவீர்கள், அதில் தப்பில்லை. இரத்தம் கொடுத்தவளுக்கு யார் சொல்வது? நாற்பது கிலோவுக்கு ஒரு குளிசைதான் என்று கண்டுபிடித்தால் அது முதலில் தெரிய வேண்டியது அவளுக்கு. ஒரு பக்கத் தாளில், பெரிய எழுத்தில், கிளினிக் சுவரில் ஒட்டலாம். தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் அரை மணி நேரம் பேசலாம். பேசும்போது களைப்பைப் பற்றியும் கர்ப்பத்தைப் பற்றியும் கேட்பார்கள், பதில் வைத்திருங்கள். கருச்சிதைவு திரும்பத் திரும்ப வந்தால் இரத்தம் உறையவைக்கும் எதிர்ப்புப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்பது 1983இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் எழுதிய நாளிலிருந்து மருத்துவத்துக்குத் தெரியும். லயத்தில் இன்னும் ராசியில்லாதவள் என்றுதான் பேசுகிறார்கள்.

உங்கள் பிரிவில் சமூக மருத்துவத்துக்கு ஒரு சிறு ஆய்வு செய்தாக வேண்டும் என்று அறிவேன். ஒவ்வொரு ஆண்டும் சீனி வருத்தமும் கைபேசிப் பழக்கமும்தான் தலைப்பாகின்றன. இம்முறை லூபஸையும் மூட்டுவாதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கள நண்பர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள், அவர்களின் கிராமங்களிலும் இதே பெண்கள் வயலில் வெயிலில் நிற்கிறார்கள். தோட்டங்களுக்குப் போக வழி காட்ட ஆள் வேண்டுமென்றால் நானும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற வாத்திமார் பலரும் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமையில் வாருங்கள். மற்ற நாட்களில் அவர்கள் மலையில் இருப்பார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவர்,
கண்டி